கச்சையில் வைத்த சுருட்டுப் பை

வடிவாம்பாளுக்குக் கல்யாணமான முதல் மாதத்திலேயே முகத்தில் வந்து விழுந்தது ஒரு காக்கிச் சட்டை. எறிந்தவர் புருஷன் நீலகண்டன். அரசு பஸ்ஸில் கண்டக்டர். மேல்பையில் வைத்திருந்த சுருட்டு, கூட்டத்தில் எவனோ சாய்ந்ததில் ஒடிந்து, வியர்வையில் ஊறி, பை முழுக்கப் புகையிலைத் தூளும் கறையுமாகக் கிடந்தது. சாய்ந்தவனை அங்கேயே இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கோபத்தைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து, கையில் அகப்பட்டவள்மேல் எறிந்தார். வெளியே எலி, வீட்டில் புலி என்பார்களே, அந்த ரகம்.

"தையல் மெஷினோட வந்தவதானே நீ? சுருட்டு ஒடியாம ஒரு பை தைக்கத் தெரியாதா ஒனக்கு?" என்றார்.

அழுதுகொண்டே தைத்தாள். முதலில் தைத்த பை அகலம் கூடிப்போய், இரண்டு சுருட்டும் ஒன்றோடொன்று முட்டிப் பொடிந்தன. அடுத்தது இறுக்கம், எடுக்கும்போது மேல் இலை உரிந்து வந்தது. அதற்கும் சட்டை பறந்தது. கடைசியில் அவளே யோசித்து ஒன்று செய்தாள். சட்டையின் உள்பக்கம், இடது விலாவை ஒட்டி, குனிந்தாலும் உட்கார்ந்தாலும் மடங்காதபடி சற்றே சரித்து, ஒடுங்கலாக ஒரு பை. நடுவில் ஒரு தையல் ஓட்டி இரண்டு அறை; அறைக்கொரு சுருட்டு. வியர்வை உள்ளே இறங்காமலிருக்கப் பழைய குடைத்துணியை வெட்டி உள்ளே கொடுத்தாள். அந்தப் பையில் வைத்த சுருட்டு, தேரோட்டத்து அன்றைக்குக் கன்னியாகுமரி பஸ்ஸில் விழுந்த நெருக்கடியில்கூட ஒடியவில்லை.

நன்றாயிருக்கிறது என்று அவர் வாயால் வரவில்லை. "எல்லாச் சட்டையிலயும் வை" என்றார். அதுதான் அவருக்குத் தெரிந்த பாராட்டு.

அப்படியே வைத்தாள். காக்கிச் சட்டை, கல்யாணவீட்டுக்குப் போடுகிற பட்டுச் சட்டை, வீட்டில் போடும் கைவைத்த பனியன் எல்லாவற்றிலும் இடது பக்கம் சுருட்டுப் பை வந்தது. ஆண்டுகள் ஓடின. ரிட்டயரும் ஆனார். அவருடைய கை அங்கே போவதற்குக் கண்ணும் வேண்டாம், நினைப்பும் வேண்டாம் என்றாகிவிட்டது. கடையில் வாங்கிய சுருட்டை இரண்டு விரலால் அமுக்கிப் பார்ப்பார், காதோரம் வைத்து உருட்டிப் பார்ப்பார், தேறியதென்றால் கை தானாகச் சட்டைக்குள் போகும். தேறாததை அங்கேயே பற்றவைத்துவிடுவார். அந்த நாற்றம் வீடு முழுக்க நிற்கும். துவைக்கிற துணியில், தலையணையில், அவள் தலைமுடியில்கூட அது இருந்தது. அவள் அதை வெறுத்தாள். யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

நீலகண்டன் குடும்பத்துக்குச் சுசீந்திரத்துக்குக் கிழக்கே வயலோரம் ஒரு மாடன் கோயில் உண்டு. வருஷத்துக்கு ஒரு கொடை. அவருடைய அப்பா செத்த பிறகு மாடன் இவர்மேல் இறங்கினான். அன்றிலிருந்து இவர்தான் கோமரத்தாடி. சாமி வந்து ஆடுகிறவருக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். கொடை அன்றைக்குக் காலில் மணி தைத்த சிவப்புச் சல்லடம், வயிற்றைச் சுற்றி அகலமான கச்சை, தலையில் குல்லாய், கையில் ஈட்டி மாதிரி வல்லயம். இப்படி நின்றால் பஸ்ஸில் சில்லறை கேட்டுச் சண்டை போட்ட மனிதர்தானா இவர் என்று தோன்றிவிடும். மாடனுக்குப் பிரியம் சுருட்டு. நேர்ச்சைக்காரர்கள் ஆளுக்கு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். மாடன் பற்றவைத்து நாலு இழுப்பு இழுத்து, குறைச் சுருட்டைத் திருப்பிக் கொடுத்தால் நினைத்த காரியம் நடக்கும் என்று நம்பிக்கை.

ஒரு வருஷம் கச்சையிலும் பை வைக்கச் சொன்னார் நீலகண்டன்.

"சாமிக்கு எதுக்குங்கோ பை?" என்று கேட்டாள் வடிவாம்பாள்.

"நேர்ச்சைச் சுருட்டு கீழ விழுந்து ஆளுவ சவுட்டுதாவ. பாவம் யாருக்கு, ஒனக்கா? ஆடும்போது எனக்கு ஒண்ணும் தெரியாது பாத்துக்கோ. பக்கத்துல நிக்கவன் எவனாம் எடுத்து அதுல சொருகிக்கிடுவான்."

கீழே விழுந்து மிதிபடுவது குற்றம்தானே. நியாயமாகத்தான் பட்டது. விரதமிருந்து, குளித்து ஈரத்துணியோடு உட்கார்ந்து தைத்தாள். கச்சையின் உள்மடிப்பில், இடது பக்கம், அதே சரிவு, அதே குடைத்துணி. கொடை முடிந்து சாமி மலையேறியதும் நீலகண்டன் தளர்ந்து கிடப்பார். தண்ணீர் கேட்பார். பிறகு கச்சைக்குள் கையைவிட்டு, "இதெல்லாம் எவம்லே வச்சான்?" என்று ஆச்சரியப்படுவார். அந்த ஆச்சரியத்தையும் அவள் நம்பினாள்.

நம்பாமல் என்ன செய்வாள்? வருஷம் முழுக்கக் குழம்பில் உப்புப் பார்க்கிற அந்த வாய், கொடை அன்றைக்கு மட்டும் மாடனின் வாயாகி, "மக்களே" என்று பெற்ற பிள்ளையைப்போல அவளைக் கூப்பிடும். நெற்றியில் திருநீறு பூசும். அந்த ஒரு நாளை வைத்துத்தான் மற்ற நாட்களை அவள் பொறுத்தாள். மாடனைக் கும்பிடுகிறவளுக்கு, மாடன் ஏறி நிற்கிற உடம்பை அடியோடு வெறுக்க முடியாதே.

அந்த மாடன்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் தலையில் கல்லைப் போட்டான்.

அவர்களுக்கு ஒரே மகள், ஹரிதா. நாகர்கோவிலில் வேலை பார்த்த இடத்தில் முட்டத்துக்காரன் பெனினைப் பிடித்துப்போய், பதிவுக் கல்யாணம் செய்துகொண்டாள். வேதக்காரப் பையன், கிறிஸ்தவக் கடற்கரை வீடு. நீலகண்டன் வீட்டில் நின்று கத்தினார். அந்தக் கத்தலை வடிவாம்பாள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கத்தாத நாள் எது? நாலு மாதம் போகட்டும், ஒரு பழக்குலை வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் இருந்தாள். அந்த வருஷக் கொடையில், ஊர் பார்த்துக்கொண்டிருக்க, மாடன் வல்லயத்தை அவள் காலடியில் குத்தி நின்றான்.

"ஏட்டி! அந்தப் பிள்ளை இந்தக் குடும்பத்துக்குச் செத்தாச்சு. அவ வீட்டு நடைய நீ சவுட்டினா, அவ பெத்துக்கிடுத பிள்ளை தங்காது. இது என் வாக்கு!"

புருஷன் சொன்னால் மீறலாம். மாடன் சொன்னதை எப்படி மீறுவது? அதுவும் பிள்ளையின்மேல் வைத்துச் சொன்னதை? வடிவாம்பாள் போகவில்லை. பேத்தி பிறந்ததையும், பெயர் அபினா என்பதையும் அடுத்தவர் சொல்லித்தான் கேட்டாள். முட்டம் பஸ் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தன் கால் பட்டால் ஒரு குழந்தை செத்துவிடும் என்று நம்பிக்கொண்டு ஒரு பொம்பிளை ஆறு வருஷம் இருந்தாள் என்றால், அதை வெறும் முட்டாள்தனம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு அது பயம். பெற்ற வயிற்றின் பயம்.

இனி ஸ்ரீகுமார் வருகிறான். நீலகண்டனின் சித்தப்பா மகன். கல்ஃபிலிருந்து திரும்பிவந்து கோயில் கமிட்டித் தலைவரானவன். கொடை நோட்டீஸில் மாடன் படத்தைவிட அவன் படம் பெரிதாக இருக்கும். கோமரத்தாடிப் பொறுப்பைத் தன் தம்பி அனில்குமாருக்கு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று அவனுக்கு நெடுநாள் ஆசை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்க வேண்டுமே. பூசாரி சாகிற வழியாகவும் இல்லை. போன வருஷக் கொடையில் கையில் போனை வைத்துக்கொண்டு நீலகண்டனைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தான். வசமாகச் சிக்கியது. அடுத்த கொடை நெருங்கும்வரை பொத்திவைத்திருந்து வெளியே விட்டான்.

படத்தில் மாடன் ஒரு நேர்ச்சைச் சுருட்டை வாங்குகிறான். இரண்டு விரலால் அமுக்குகிறான். காதோரம் உருட்டுகிறான். தேறியதைக் கச்சைக்குள் சொருகுகிறான். தேறாததைப் பற்றவைத்துப் புகைவிட்டு, குறையை நேர்ச்சைக்காரனிடம் நீட்டுகிறான். அடுத்த ஆளுக்கும் அப்படியே. ஊர் வாட்ஸ்அப் குழுவில் அது ஒரு பகலுக்குள் எல்லோர் கைக்கும் போய்விட்டது. சிரித்தவர்கள் பாதி, கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள் பாதி.

இந்த வருஷக் கொடைக்குக் கால் நாட்டும் முன்னால் கமிட்டி கூடியது. ஸ்ரீகுமார் எல்லோர் முன்னாலும் கேட்டான்.

"அண்ணே, நாளைக்கு வேணும்னு மாடன் சுருட்டை எடுத்து வப்பானா?"

"ஏலே, ஆடும்போது என் கை என்ன செய்யுதுன்னு எனக்குத் தெரியாது. அது மாடன் கை. மாடன் எங்க வச்சா ஒனக்கென்னலே? அவங்கிட்ட கேள்வி கேக்க நீ யாரு?"

"கேள்வி மாடங்கிட்ட இல்ல. ஒங்ககிட்டயாக்கும்."

"வால அறுத்துப்போடுவேன், பாத்துக்கோ!"

கைகலப்பு ஆகாமல் நாலு பேர் பிடித்து விலக்கினார்கள். கடைசியில் தீர்ப்பு இப்படி வந்தது: பழைய கச்சை வேண்டாம். பையில்லாமல் புதுக் கச்சை தைக்க வேண்டும். இந்த வருஷமும் பழைய குறளி தெரிந்தால், அடுத்த கொடைக்கு அனில்குமார் ஆடட்டும்.

அந்தப் படத்தை வடிவாம்பாளும் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி காட்டினாள். மற்றவர்கள் பார்த்தது கச்சைக்குள் போன சுருட்டை. வடிவாம்பாள் பார்த்தது அந்த இரண்டு விரலை. அந்த அமுக்கலை அவளுக்குத் தெரியும். அந்த உருட்டலும் தெரியும். இது இவர் விரல். அப்படியானால் வாய்? விரல் புருஷனுடையதாகவும் வாய் மாடனுடையதாகவும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் இருக்க முடியுமா? 'அவ பெத்துக்கிடுத பிள்ளை தங்காது' என்று சொன்னது எது? அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மாடன் சொன்னதென்றால் சாகிறவரை முட்டத்தில் கால்வைக்கக் கூடாது. இவர் சொன்னதென்றால்... அதற்கு மேல் நினைக்கவே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

நீலகண்டன் புதுச் சிவப்புத் துணியைக் கொண்டுவந்து மெஷின்மேல் போட்டார்.

"உள்மடிப்புல, வெளிய தெரியாம வை" என்றார்.

"பை வேண்டாம்னு கமிட்டியில சொல்லியாச்சே."

"பை இல்லேன்னா கை சும்மா கிடந்து தேடும். அந்தப் பய அதையும் படம் எடுப்பான்."

வடிவாம்பாள் தலையை நிமிர்த்தினாள். "கை தேடுமா? ஆடும்போது ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாதுல்லா?"

மெஷின்மேல் இருந்த நூல்கண்டுப் பெட்டி சுவரில் போய் விழுந்தது. "சொன்னத தைச்சாப் போரும். வாய் ரொம்ப நீளுது" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவள் நூல்கண்டுகளைப் பொறுக்கி எடுத்தாள். விரதம் தொடங்கினாள். குளித்து, மாடனை நினைத்துக் கும்பிட்டு உட்கார்ந்தபோது மனதுக்குள் அவனோடு நேருக்கு நேராகப் பேசினாள். 'மாடா, உனக்குத் தெரியாதது ஒன்று உண்டா? நான் தைக்கும்போது நீ என் பக்கத்தில்தான் நிற்பாய். பார்த்துக்கொள்.' என்று சொல்லிவிட்டு, அத்தனை வருஷமாக இடது பக்கம் தைத்த பையை வலது பக்கம் தைத்தாள். அதே சரிவு, அதே அறை, அதே குடைத்துணி. பக்கம் மட்டும் மாற்றம். மாடன் வந்தால் அவன் கை வலது பக்கம் போகும், பார்த்துக்கொண்டிருந்தவனாயிற்றே. இவர் வந்தால் இடது பக்கம் போகும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

சாமியைச் சோதிக்கலாமா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. கேட்டால் கேட்கட்டும் என்று ஊசியில் நூலைக் கோத்தாள்.

மாடனுக்குத் தைத்ததைக் கொடைக்கு முன்னால் உடுத்திப் பார்க்கக் கூடாது என்று அந்தக் கோயிலில் ஒரு வழக்கம். தைத்த கையோடு கொண்டுபோய்ப் பீடத்தில் வைத்துவிட வேண்டும். கமிட்டிக்காரர்கள் வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்த்துத் திருப்தியானார்கள். அவள் தையல் அப்படி. வீட்டுக்கு வந்ததும் நீலகண்டன் கேட்டார்.

"வச்சாச்சா?"

"வச்சாச்சு" என்றாள். பொய்யில்லை.

மதியக் கொடை. வெயில் மண்டையைப் பிளந்தது. தோவாளையிலிருந்து வந்த பிச்சியும் அரளியும் மாடன் பீடத்தை மூடிக் கிடந்தன. வில்லுப்பாட்டு ஒரு பக்கம் ஏறிப்போக, மேளம் அதை விட்டேனா பார் என்று துரத்தியது. நீலகண்டனுக்குச் சல்லடம் மாட்டி, கச்சையை இரண்டு பேர் இழுத்துக் கட்டினார்கள். உடம்பு முறுக்கியது. கண் சொருகியது. ஒரு கத்தல். மாடன் வந்துவிட்டான் என்று குலவை எழுந்தது. வடிவாம்பாளும் குலவையிட்டாள். வாய் குலவையிட்டதே தவிர, கண் அவர் கையை விட்டு நகரவில்லை. எதிர்ப்பக்கம் ஸ்ரீகுமாரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதே கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மாடனைக் கும்பிட வந்த கூட்டத்தில் இரண்டு பேருக்கு மாடன் முகம் தேவைப்படவில்லை.

நேர்ச்சைச் சுருட்டுகள் வர ஆரம்பித்தன. முதல் மூன்று நாலைப் பற்றவைத்துத் திருப்பிக் கொடுத்தான் மாடன். ஸ்ரீகுமார் முகம் தொங்கிப்போயிற்று. வடிவாம்பாள் குலவையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். மாடன்தானா? அப்போது வெளியூர்க்காரர் ஒருவர் நல்ல தடியான, கறுத்த சுருட்டு ஒன்றை நீட்டினார். மாடன் வாங்கினான். இரண்டு விரலால் அமுக்கினான்.

உடனே ஒரு சுற்றுச் சுற்றி, முதுகை ஸ்ரீகுமார் பக்கம் காட்டிக்கொண்டு, வல்லயம் பிடித்த கையால் மறைத்து, மற்றக் கையை இடது பக்கம் கச்சைக்குள் விட்டான். அங்கே வெறும் துணி. கை துணியின்மேல் வழுக்கியது. மறுபடி துழாவியது. கீழே போயிற்று, மேலே வந்தது. சுருட்டு நழுவித் தரையில் விழுந்தது.

மாடனின் சொருகிய கண் சட்டென்று நேராயிற்று. கூட்டத்தில் ஓடித் தேடி அவளைப் பிடித்தது. குழம்பில் உப்பு இல்லாதபோது தட்டிலிருந்து நிமிர்ந்து பார்ப்பாரே, அதே பார்வை.

துள்ளிக்கொண்டே வந்தார். கீழே கிடந்த சுருட்டையும் குனிந்து எடுத்துக்கொண்டார். மாடன் அவளுக்குத் திருநீறு பூசப் போகிறான் என்று கூட்டம் விலகியது. பக்கத்தில் வந்து, அவள் தலையைப் பிடித்துச் சாய்த்து, மேளச் சத்தத்தின் மறைவில் காதுக்குள் சொந்தக் குரலில் கேட்டார்.

"எங்கட்டி வச்ச?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, காறித் துப்பவும் வந்தது.

"வலப்பக்கம்" என்றாள்.

அவர் கை வலப்பக்கம் போயிற்று. பை இருந்தது. சுருட்டு உள்ளே போய்ப் பொருந்தியது. கண் மறுபடி சொருகியது. குரல் மறுபடி மாடனாயிற்று. "மக்களே!" என்று கத்திக்கொண்டு திருநீற்றை எடுத்தார்.

வடிவாம்பாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹரிதா நடையச் சவுட்டப்படாதுன்னு அண்ணைக்குச் சொன்னது யாரு? அவ பிள்ளை தங்காதுன்னு சொன்னது யாரு?"

"விடு கைய" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆளுவ பாக்காவ."

ஆட்கள் பார்க்கிறார்களாம். பெற்ற மகளுக்குப் பிறக்கப்போகிற பிள்ளையை வைத்துச் சாபம் விட்டபோதும் ஆட்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அன்றைக்கு அவருக்கு அது வசதியாக இருந்தது. வடிவாம்பாள் கையை விட்டாள். விட்ட கையாலேயே நெற்றியில் ஏற்கெனவே இருந்த திருநீற்றைத் துடைத்தாள். ஆறு வருஷம். இந்த மனுஷன் சோறு தின்று தூங்கி எழுந்திருக்கிறார். அவள் மட்டும் ஒவ்வொரு நாளும் ஒரு குழந்தை சாகாமல் காத்துவந்திருக்கிறாள், போகாமல் இருந்தே.

பந்தல் வாசலில் ஸ்ரீகுமார் ஓடிவந்து மறித்தான்.

"மைனி, சாமி காதுல என்னவோ சொல்லிச்சே? என்ன சொல்லிச்சு?"

ஸ்ரீகுமாரை அவளுக்குப் பிடிக்காது. இந்தக் குடும்பத்தில் யாரையும் அவளுக்கு அப்போது பிடிக்கவில்லை. ஒரு வார்த்தையில் நீலகண்டனைக் காப்பாற்றியிருக்கலாம். 'திருநீறு பூசினாரு' என்றால் போதும்.

"சாமி ஒண்ணும் சொல்லல. ஒம்ம அண்ணன்தான் பை எங்கன்னு கேட்டாரு. வலப்பக்கம் இருக்கு. போய்ப் பாரும்."

அவள் ரோட்டுக்கு ஏறும்போது பின்னால் மேளம் பாதியில் நின்றது. பிறகு ஏலே, ஏலே என்று சத்தம். திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே நடந்த அடிதடியை ஊர் இப்போதும் விதவிதமாகச் சொல்கிறது, நமக்கு வேண்டாம். அடுத்த கொடைக்கு அனில்குமார் ஆடப்போவது உறுதியாகிவிட்டது. அவனுக்கு ஊதுபத்திப் புகைக்கே இருமல் வரும். மாடன் பாடு, அவன் பாடு.

நாகர்கோவில் போய் முட்டம் பஸ்ஸில் ஏறினாள். கொடைக்கு உடுத்திய சேலை, தலையில் பிச்சிப்பூ, கையில் ஒன்றுமில்லை. பழக்குலை வாங்க நினைக்கவில்லை. குழந்தைக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம்கூட வாங்கத் தோன்றவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து, ஹரிதாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தபோதெல்லாம் கச்சைக் கதைதான் வாயில் வந்தது. அதைச் சொன்னால் மகள் கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்தாள். அப்படித்தான் நினைத்தாள் பாவம்.

வேதக்கோயிலைத் தாண்டி, பஸ் நிற்கிற வளைவுக்கு எதிரிலேயே வீடு என்று பேத்தி பிறந்த செய்தியோடு கேட்டிருந்தாள். பெனின் இப்போது போட்டுக்காரன்; ஆழ்கடலுக்குப் போயிருந்தான். கதவைத் திறந்தவள் ஹரிதா. சதைபோட்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கதவை விட்டு நகரவுமில்லை.

"என்ன, சாமி வாக்கு மாறிப்போச்சா?"

வடிவாம்பாள் படிக்குக் கீழேயே நின்றாள். எல்லாம் தெரிந்த பிறகும் அந்த நடையில் ஏறக் கால் வரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளை தங்காது என்று வாக்குச் சொன்னதை, படத்தை, வலப்பக்கம் தைத்ததை, காதில் கேட்டதை. பிள்ளை தங்காது என்ற இடத்தில் ஹரிதாவின் கை கதவை இறுக்கிப் பிடித்தது. நடையைச் சவுட்டக் கூடாது என்பது மட்டும்தான் அவள் காதுக்கு வந்திருந்தது; பிள்ளையை வைத்துச் சொன்னதை யாரும் சொன்னதில்லை.

"அதுனாலதான் மக்கா நான் வரல. ஒம் பிள்ளைக்கு ஆவாதேன்னுதான்..."

"அந்தச் சுருட்டு மொதல்லயே வலப்பக்கப் பைக்குள்ள போயிருந்தா?" என்று கேட்டாள் ஹரிதா.

"என்ன?"

"போயிருந்தா இண்ணைக்கும் வந்திருக்க மாட்ட. உள்ளதா, இல்லியா?"

வடிவாம்பாளால் பொய் சொல்ல முடியவில்லை. "உள்ளதுதான்" என்றாள்.

"செரி. அது பிள்ளைக்காகன்னே வச்சுக்கிடுவோம். நான் ஆஸ்பத்திரியில கிடந்து ஒனக்குப் போன் பண்ணினேன். வலி வந்து கிடந்து பண்ணினேன். நீ எடுத்து, என் சத்தத்தக் கேட்டுட்டு, வச்ச. பொறவும் பண்ணினேன். எடுக்கவே இல்ல. நடையச் சவுட்டப்படாதுன்னுதானே மாடன் சொன்னான்? போன்ல பேசப்படாதுன்னு சொன்னானா?"

மாடன் அப்படிச் சொல்லவில்லை. நீலகண்டனும் சொல்லவில்லை. அன்றைக்குப் பக்கத்து அறையிலிருந்து அவர் சுருட்டு வாடை வந்துகொண்டிருந்தது, அவர் காதில் விழுந்தால் என்ன ஆகுமோ என்று போனை வைத்தாள். அவ்வளவுதான் காரணம். அந்தக் காரணத்தை இந்த வாசலில் நின்று எப்படிச் சொல்வது?

உள்ளேயிருந்து ஒரு சிறுமி வந்து ஹரிதாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"யாரும்மா இது?"

"பஸ்ஸுக்கு நிக்காவ" என்றாள் ஹரிதா. "தண்ணி கொண்டாந்து குடு மக்கா."

அபினா செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து, படியிறங்கி, கொடுத்தாள். வடிவாம்பாள் வாங்கிக் குடித்தாள். தொண்டையில் இறங்கியது பாதி, சேலையில் பாதி. செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த விரல்கள் அவள் விரலில் பட்டன. பிள்ளை உயிரோடு, வெதுவெதுப்பாக இருந்தாள். ஆறு வருஷம் எதற்காகப் பயந்தோம் என்று நினைத்து வடிவாம்பாள் அங்கேயே, அந்தக் கீழ்ப்படியில், உட்கார்ந்துவிட்டாள்.

வளைவில் ஹாரன் கேட்டது. நாகர்கோவில் போகிற பஸ் வந்து நின்றது.

"பஸ் வந்தாச்சு" என்றாள் ஹரிதா.

"போகட்டும்" என்றாள் வடிவாம்பாள்.

பஸ் போயிற்று. ஹரிதா உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவையும் சாத்தவில்லை.